கடைசியா வந்த நம்பர்

இந்தப் பையை மடிமேலயே வெச்சுக்கறனுங்க. மேல வெச்சா பஸ்ஸு குலுங்கறப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கோணும். திங்கற பண்டம் இல்லீங்க, மிஷின். நான் செஞ்ச மிஷின். உடுமலைப் பக்கத்துல பட்டுப்புழு வளக்கற எடத்துல மாட்டியிருந்தேன். இன்னைக்குக் கழட்டி, துணில சுத்தி, கையில குடுத்துட்டாங்க. சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க, அதான் வயிறு எரியுது. திட்டிக் குடுத்திருந்தாக்கூடத் தேவலை.

யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். கோயமுத்தூர் வரைக்கும் நேரம் இருக்கு, கேளுங்க. என் கூடப்பொறந்த தங்கச்சி, பிரபாவதின்னு பேரு, அவ எனக்குப் பண்ணுன காரியத்தை எதிராளிகூடப் பண்ணமாட்டான். எதிராளின்னா முதுகுலதான குத்துவான்? இவ ஊரைக் கூட்டி வெச்சு, மூஞ்சிக்கு நேரா.

நானும் அவளும் சேந்துதாங்க தொழில் ஆரம்பிச்சோம். பெங்களூர்ல நல்ல வேலையில இருந்தா. நாந்தான், ‘எவனுக்கோ ஒழைக்கறதுக்கு அண்ணன்கூட ஒழை அம்மிணி’ன்னு கூட்டியாந்தேன். கணபதில ஒரு மாடி ரூமு. ஆள் புடிக்கறது, விக்கறது, கொண்டுபோயி மாட்டறது நான். உக்காந்து செய்யறது அவ. புரோகிராம் ரெண்டு பேரும் எழுதுவோம். என்ன மிஷின்னா, சூடு பாக்கற மிஷின். உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு, அதுக்குள்ள லினக்ஸ் ஓடும். பயந்துராதீங்க, உங்க போனுக்குள்ள ஓடறதும் அதோட பங்காளிதான். போர்டுல இருந்து ஒரு ஒயர் போகும், ஒயரு நுனில விரல் தண்டி எவர்சில்வர் குப்பி. அதான் சென்சாரு. அதை எங்க தொங்கவுட்டாலும் அங்க என்ன சூடுன்னு சொல்லிரும்.

லினக்ஸ்ல ஒரு அழகு இருக்குதுங்க. அதுக்கு எல்லாமே ஃபைலுதான். சென்சாரும் ஒரு ஃபைலு. தொறந்து படிச்சா ரெண்டே வரி. ரெண்டாவது வரியில இருபத்தேழாயிரம்னு இருந்துச்சுன்னா ஆயிரத்துல வகுத்துக்கோணும், இருபத்தேழு டிகிரி. மொத வரி கடைசில யெஸ்னோ நோன்னோ இருக்கும். யெஸ்னா அந்த நம்பரை நம்பலாம். நோன்னா நம்பக் கூடாது. ஒயரு லூசு, கரண்ட்டு இழுக்குது, ஏதோ ஒண்ணு. சென்சாரே சொல்லிரும், ‘இந்த வாட்டி எனக்குச் சரியாத் தெரியலப்பா’ன்னு. அவ்வளவு யோக்கியமான சாமான்.

மொதல்ல நாங்க செஞ்ச மிஷின்ல, நோ வந்தா திரையில வெறும் கோடு தெரியும். அது பிரபா எழுதுனது. கொண்டுபோயி ஒரு விவசாயக் கண்காட்சில வெச்சேன். பெரிய பார்ட்டி ஒருத்தர் வந்து குனிஞ்சு பாக்கறாரு, சரியா அந்த நேரம் பாத்துக் கோடு. மறுபடி நம்பரு. மறுபடி கோடு. ‘என்ன தம்பி, உங்க மிஷினுக்கு விக்கலா’ன்னு கேட்டுப்போட்டு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க.

அன்னைக்கே உக்காந்து ரெண்டு வரி சேத்துனேன். ரெண்டே வரிங்க. நோ வந்தா, கடைசியா யெஸ் வந்தப்ப என்ன நம்பரோ அதையே காட்டிக்கிட்டு இரு. அவ்வளவுதான். கோடு போச்சு, விக்கல் போச்சு. திரை அப்படியே கோயில் வெளக்காட்டம் நிக்குது. அதுக்கப்பறம் விக்க ஆரம்பிச்சது பாருங்க!

இவளுக்குப் புடிக்கல. ‘அண்ணா, எத்தனை நேரத்துக்குப் பழைய நம்பரையே காட்டும்?’னா.

‘அடுத்த நம்பர் வர்ற வரைக்கும்.’

‘அடுத்த நம்பர் வரவேயில்லைன்னா?’

‘வராம எங்க போகப்போகுது?’ன்னேன். சரியான பதில்தானுங்க? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சால்டரிங் பண்ணப் போயிட்டா. பதில் இல்லாதவங்க வேற என்ன பண்ணுவாங்க?

சரி, புழுவுக்கு வர்றேன். உடுமலைப் பக்கம் வெள்ளியங்கிரியண்ணன்னு ஒருத்தர். அவரும் அவர் சம்சாரம் தங்கமணியக்காவும் இளம்புழு வளக்கறாங்க. பட்டுப்புழு முட்டையில இருந்து வந்த உடனே எறும்பாட்டம் இருக்குமுங்க. அதை எல்லா விவசாயியும் வளத்திர முடியாது. இவங்க ஒரு பத்து நாள் வளத்து, கொஞ்சம் தேத்தி, அப்பறம் விவசாயிகளுக்குக் குடுப்பாங்க. அந்தப் பத்து நாளும் ரூமுல இருபத்தேழு டிகிரி நிக்கோணும். மார்கழிக் குளுருல ஹீட்டர் போடோணும், வெயில்ல தண்ணி தெளிக்கோணும். பச்சைக் கொழந்தையாட்டம். தங்கமணியக்கா அதுக்குள்ளயே கெடப்பாங்க. அதுக்குத்தான் நம்ம மிஷின். சூடு எறங்குனா மிஷினே ஹீட்டரைப் போட்டுரும், ஏறுனா நிப்பாட்டிரும். ராத்திரியெல்லாம் முழிக்க வேண்டியதில்ல.

மாட்டுன அன்னைக்குச் சுவத்துல பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் ஒண்ணு தொங்குச்சு. ஆணியில இருந்து நாந்தான் எடுத்தேன். ‘ஏந்தம்பி, அது பாட்டுக்கு இருக்கட்டுமே’ன்னாங்க அந்தக்கா. ‘ரெண்டு இருந்தா சந்தேகம் வரும்க்கா, ஒண்ணை நம்புங்க’ன்னேன். மிஷின் விக்கறவன் வேற என்ன சொல்லுவான்? பக்கத்துல இன்னொண்ணைத் தொங்கவுட்டா என் மிஷினுக்கு என்ன மரியாதை?

நல்லாத்தான் ஓடுச்சு. ஆடி போச்சு, ஐப்பசி போச்சு, பாத்தவங்க எல்லாம் பாராட்டுனாங்க. மார்கழில வந்துது வெனை.

அந்த ரூமை ஒவ்வொரு தடவையும் புழு எறக்கறதுக்கு முன்னால கழுவி, பிளீச்சிங் பவுடர் தண்ணி அடிப்பாங்க. நோவு வராம இருக்கறதுக்கு. அந்தத் தண்ணி சென்சார் ஒயரு சேர்ற எடத்துல பட்டு, உள்ள பச்சை புடிச்சுப்போச்சு. அரிச்சுப்போச்சு. அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? ‘ஒயரு மேல தண்ணி படக் கூடாது’ன்னு நான் சொல்லியிருக்கேன். சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.

ஒரு நாள் பொழுதோட, பொழுது சாயற நேரம், எனக்குப் போன் வருது. நான் பொள்ளாச்சில ஒரு கல்யாண ஊட்ல பந்தியில உக்காந்திருக்கேன். தங்கமணியக்கா.

‘தம்பி, உள்ள போனா மூஞ்சில அனல் அடிக்குது. இதுல இருபத்தாறுன்னுதான் காட்டுது. ஹீட்டர் நிக்கவே மாட்டேங்குது. நிப்பாட்டிரட்டுமா?’

நான் பொறுமையாத்தான் சொன்னனுங்க. ‘அக்கா, வெளிய குளுரு. குளுர்ல இருந்து உள்ள போனா யாருக்கும் சூடாத்தான் தெரியும். நம்ம ஒடம்பு பொய் சொல்லும், மிஷின் பொய் சொல்லாது. இருபத்தாறுன்னா இருபத்தாறுதான். நீங்க பாட்டுக்கு நிப்பாட்டி, புழு குளுர்ல சுருண்டுச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது’ன்னேன்.

‘சரிங்க தம்பி, நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’னுட்டு வெச்சுட்டாங்க. திரும்ப ஒருக்கா போன் வந்துது. ரசத்துக்குக் கை நீட்டியிருக்கேன், எப்படி எடுக்கறது? சொன்ன பதிலையே எத்தனை வாட்டி சொல்லுவாங்க?

வெடிஞ்சு பாத்தா மொத்தப் புழுவும் போச்சு. சூடு நாப்பது டிகிரிக்கு மேல போயிருக்கும்னாங்க. என்ன நடந்திருக்குன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஒயரு அரிச்சுப்போயி சென்சார் நோ சொல்லியிருக்கு. மிஷின் கடைசியா வந்த இருபத்தாறைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. இருபத்தேழுக்குக் கம்மின்னு ஹீட்டரை எரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. போர்டு மேல ஒரு தப்பும் இல்ல பாருங்க! சொன்னதைச் செஞ்சிருக்கு. அது பாட்டுக்கு, கொஞ்சங்கூட ஹேங் ஆகாம, வெடிய வெடிய ஓடியிருக்கு. எத்தனை பேர் மிஷின் அப்படி ஓடும்?

நானும் பிரபாவும் காருல போய் எறங்குனோம். வாசல் நெறைய விவசாயிங்க. மல்பெரி எலை பறிக்கற பதத்துல நிக்குது, கொட்டகை கழுவித் தயாரா வெச்சிருக்கான் ஒவ்வொருத்தனும், புழு வாங்கிட்டுப் போக வண்டியோட வந்தவனெல்லாம் அங்கயே உக்காந்திருக்கான். உள்ள தட்டுத் தட்டா அடுக்கியிருக்கறதுல ஒரு புழுகூட அசையல. கறுத்துக் கெடக்குது. தங்கமணியக்கா சுவத்தோரமா நின்னாங்க. அழுவல. கை மட்டும் முந்தானையைப் புடிச்சு முறுக்கிக்கிட்டே இருந்துச்சு.

நான் நேராப் போயி ஒயரைப் பிரிச்சுப் பாத்தேன். பச்சை. எல்லாருக்கும் தூக்கிக் காட்டுனேன். ‘பிளீச்சிங் தண்ணி எறங்கிருக்குங்க. யாரு அடிச்சது?’ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். அதுல ஒரு வார்த்தை பொய் உண்டுங்களா?

வெள்ளியங்கிரியண்ணன் திரும்பிச் சம்சாரத்தைப் பாத்தாரு. கையில இருந்த தட்டைத் தூக்கி எறிஞ்சாரு பாருங்க, அது சுவத்துல பட்டு, செத்த புழுவும் எலையும் அந்தம்மா மேலயே வந்து உழுந்துச்சு. ‘மிஷினை வாங்கிக் குடுத்தும் பாத்துக்கத் துப்பில்லையா உனக்கு?’ன்னு கத்தறாரு. கூட்டத்துல ஒருத்தரு, ‘பொம்பளை கையில உட்டா இப்படித்தான்’ங்கறாரு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நானா சொன்னேன்? அவங்களா சொல்லிக்கிட்டாங்க. குடும்பத்துக்குள்ள பேசறப்ப நடுவுல நாம போகக் கூடாது.

அந்தக்கா மெதுவா, ‘நான் பொழுதோட தம்பிக்குப் போன் பண்ணுனனே... சூடா இருக்குன்னு சொன்னனே’ன்னாங்க.

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. ‘கல்யாண ஊட்ல ஒரே மேளச் சத்தம்க்கா, எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கல’ன்னேன். சத்தம் இருந்துச்சுங்க. பொய் இல்ல. நாதஸ்வரம் வேற.

சரி, முடிஞ்சுது, ஒயரை மாத்திக் குடுத்துட்டுக் கெளம்பலாம்னு திரும்பறேன். என் தங்கச்சி பேசறா.

‘அண்ணா, அக்காவைத் திட்டாதீங்க. அவங்க மேல தப்பில்ல.’ வெள்ளியங்கிரியண்ணனைப் பாத்துத்தான் சொல்றா. ‘ஒயரு அரிக்கறது சகஜம். எங்க அரிச்சாலும் சென்சார் சொல்லிரும், தெரியலன்னு. இங்கயும் சொல்லிருக்கு. நாங்கதான் அதை மறைச்சுட்டோம். தெரியலன்னா பழைய நம்பரைக் காட்டுன்னு புரோகிராம்ல எழுதி வெச்சிருக்கோம். நீங்க பாத்துக்கிட்டு இருந்தது அந்த நேரத்துச் சூடு இல்ல. அக்கா மூஞ்சில அடிச்சதுதான் நெசம்.’

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ‘அம்மிணி, கார்ல போய் உக்காரு’ன்னேன்.

‘உக்காரமாட்டேண்ணா’ன்னா. எத்தனை பேரு முன்னாடி! சின்னதுல என் சைக்கிள் பின்னாடி உக்காந்து பள்ளிக்கூடம் போனவ. ‘எழுதறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் பேசாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்கக்கா’ன்னு அந்தம்மா கையைப் புடிச்சா.

அதுவரைக்கும் அழுவாத தங்கமணியக்கா அப்பத்தான் அழுதாங்க. சாதாரண அழுகை இல்ல, அப்படியே தரையில உக்காந்து, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு. ஏன்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல. பழிதான் போயிருச்சே? சந்தோசப்படறதை உட்டுட்டு? வெள்ளியங்கிரியண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அந்தம்மா சேலையில ஒட்டியிருந்த எலையை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாரு. என்னைய ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கல. வழி உட்டு நின்னாங்க, நான் காருக்குப் போறதுக்கு. அதைவிட நாலு அடி அடிச்சிருக்கலாம்.

காருல வர்றப்ப கேட்டேன், ‘யாருக்குப் பொறந்தவடி நீ?’ன்னு. கோவத்துல வந்துருச்சு. அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டு, ‘அந்த ரெண்டு வரியை எல்லா எடத்துலயும் எடுத்துருண்ணா’ன்னா. அது ஒண்ணையேதான் சொன்னா. நான் இங்க மானம் போயி உக்காந்திருக்கேன், இவளுக்கு ரெண்டு வரி! எடுத்தா என்ன ஆகும்? மறுபடி கோடு. மறுபடி விக்கல். ஏற்கெனவே வாங்குனவனெல்லாம், ‘அப்ப இத்தனை நாள் என்னத்தைக் காட்டுன?’ன்னு கேப்பானா மாட்டானா? அதை யோசிச்சாளா அவ?

மறுநாளே துணிமணியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. எங்க போனான்னு நெனைக்கறீங்க? அந்தத் தங்கமணியக்கா ஊட்டுக்கே. அடுத்த தடவை புழு எறக்கற வரைக்கும் அங்கயே தங்கி, புதுசா ஒரு போர்டு வெச்சு, புதுசா எழுதி, காசு வாங்காம மாட்டிக் குடுத்திருக்கா. எங்கம்மாளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குச் சொல்லல. ‘உங்கிட்டச் சொன்னா நீ கத்துவே’ங்குது. கத்தாம?

இன்னைக்கு வெள்ளியங்கிரியண்ணன் கூப்புட்டாரு, ‘உங்க சாமானை வந்து வாங்கிட்டுப் போங்க தம்பி’ன்னு. போனேன். டீ குடுத்தாங்க. குடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே உள்ள புது மிஷின்ல மணி அடிக்குது. எட்டிப் பாக்கறேன், திரையில நம்பரே இல்ல. பெருசா, தமிழ்ல, ‘தெரியல’ன்னு எழுதியிருக்கு! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. போச்சுடா, இவ மிஷினும் படுத்துருச்சுன்னு ஒரு சந்தோசம், பொய் சொல்லல. ‘என்னக்கா, கோளாறா?’ன்னு கேட்டேன்.

‘கோளாறில்லீங்க தம்பி. அதுக்குத் தெரியல, சொல்லிருச்சு’ன்னுட்டு டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டுப் போனாங்க. ஹீட்டர் தானாவே நின்னுபோயிருந்துச்சு. ஆணியில பழையபடி அந்தக் கண்ணாடி தெர்மாமீட்டரு. அதை ஒருக்கா பாத்தாங்க. ஒயரு முனையைக் கழட்டித் தொடைச்சு மாட்டுனாங்க. நம்பர் வந்துருச்சு. திரும்பி வந்து டீயைக் குடிச்சாங்க. பதறவே இல்லீங்க. அந்தக்கா மூஞ்சில தூக்கம் தெரிஞ்சுது, நல்லாத் தூங்கற மூஞ்சி. ‘பக்கத்து ஊர்ல ரெண்டு பேரு பிரபாகிட்டச் சொல்லி வெச்சிருக்காங்க, இதே மாதிரி வேணும்னு’ங்கறாங்க. தெரியலன்னு சொல்ற மிஷினைக் காசு குடுத்து வாங்கறானாம்! உலகம் எங்க போகுதுன்னு பாருங்க.

பிரபா அங்கதான் இருந்தா. எலை வெட்டிக்கிட்டு இருந்தா, கையெல்லாம் பச்சை. சண்டை போடுவா, நாலு கேப்பேன்னு தயாரா நின்னேன். ‘சாப்புட்டியாண்ணா?’ன்னா. பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். பஸ் ஏற வர்றப்ப ரோடு வரைக்கும் கூட வந்தா. வந்து, மறுபடி அதையேதான் கேட்டா. ‘மத்த எடத்துலயெல்லாம் எடுத்துட்டியாண்ணா?’

நான் ஏங்க எடுக்கோணும்? ஒரு எடத்துல ஒயரு அரிச்சதுக்கு ஊரெல்லாம் மாத்துவாங்களா? காளான் கொட்டகையில ஓடுது, கோழிக்குஞ்சு பொரிக்கற எடத்துல ஓடுது, ஐஸ்கிரீம் குடோன்ல ஓடுது. எவனும் ஒரு குத்தம் சொல்லல. கிணத்துக்கடவுல ஒரு மருந்துக்கடை, இன்சுலின், கொழந்தைங்களுக்குப் போடற தடுப்பூசியெல்லாம் வெக்கற ப்ரிட்ஜுக்கு மாட்டியிருக்கேன். தீபாவளிக்கு அந்த வழியாப் போனப்ப எட்டிப் பாத்தேன், நாலு புள்ளி ஒண்ணு. பொங்கலுக்குப் பாத்தேன், நாலு புள்ளி ஒண்ணு. முந்தாநேத்தும் பாத்தேன். அதே நாலு புள்ளி ஒண்ணு. இம்மி ஆடலீங்க. கடைக்காரருக்கு அப்படி ஒரு சந்தோசம், ‘உங்க மிஷின் வந்தப்பறம் நான் ப்ரிட்ஜைத் தொறந்தே பாக்கறதில்ல’ங்கறாரு. நம்பருன்னா அப்படி நிக்கோணும். இதைப் போயி அவ...

எந்தக் கடைங்களா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, பேக்கரிக்குப் பக்கத்துல. ஏனுங்க?

ஏனுங்க, எதுக்குக் கேக்கறீங்க? இப்ப யாருக்குப் போன் போடறீங்க?